கூட்டித் தள்ளிய கரி

இப்போதெல்லாம் பாண் ரொட்டியில் ஒரு பொட்டுப் பூஞ்சணம் தெரிந்தால் போதும், ஆட்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு முழுப் பாணையும் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். யாரை வீசுகிறோம் என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. அப்புறம் மழைக்காலத்தில் பீலிக்கரையில் யாரோ நின்று இருமுகிறார்கள், தண்ணீர் எடுக்கப் போகப் பயமாக இருக்கிறது என்று முறைப்பாடு வேறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு வைகாசி மழையில், றக்வானை பஜாரில் பாண் சுடும் போறணை வைத்திருந்த கபூர் முதலாளி ஒரு தும்மல் தும்மிக் கரும்பொடியாக உதிர்ந்துபோனார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் மா விலை ஏறியதும் தெரியும், பெல்மதுளை ரோட்டில் மண் சரிந்ததும் தெரியும். அவற்றைப் போல இதுவும் ஒன்று. இதை நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பொடியை விளக்குமாற்றால் கூட்டி வெளியே தள்ளியவர் அவர்தான்.

அவர் பெயர் இருளப்பன். பஜாருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். முழங்கால் மடங்காமல் போனதும் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டினார்கள். பேரோடு குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கபூர் முதலாளிதான் போறணைக்குப் பின்னால், செங்கல் சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கும் ஒரு மூலையைக் காட்டி, இங்கே படுங்கள், விறகு போடுங்கள் என்றார். அந்தச் சூட்டுக்கு முழங்கால் பாதிக்குப் பாதி மடங்கியது. ஆனால் நன்றி வேறு, நம்பிக்கை வேறு. இள வயசில் ஊருக்கு ஆள் கட்ட வந்த கங்காணி, அந்த மலையில் அட்டையே கிடையாது, இருந்தாலும் நம்ம சனத்தைக் கடிக்காது என்று சொல்லித்தான் இருளப்பனைக் கப்பலேற்றினான். மலையேறிய முதல் நாளே இரண்டு காலும் இரத்தம். அன்றிலிருந்து கண்ணால் பார்க்காத எதையும் அவர் நம்புவதில்லை. கண்ணால் பார்த்ததையும் ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பார்.

கபூர் முதலாளி உதிர்ந்தது ஒரு பின்னேரம், இரண்டாம் ஈடு பாண் வேகும் நேரம். மழை பிடித்த பிடியில் சுவரெல்லாம் ஈரம், உப்புச் சாடிக்குள் தண்ணீர். அந்த மாதம் முழுவதும் முதலாளியின் புருவத்திலும் முன்கையிலும் வெள்ளையாக ஒரு பூமயிர் வளர்ந்துகொண்டிருந்தது. மா ஒட்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கழுவிப் பார்த்தார், போகவில்லை. பிறகு ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஊசிக் கொண்டை அளவில் ஒரு கறுப்பு உருண்டது. அதையும் கரி என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு இருளப்பன் அடுப்பு வாய்க்கு முன்னால் குந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். முதலாளி நீளப் பலகையால் பாணைத் திருப்பியபடி, "நெருப்பக் கொஞ்சம் அடக்குங்க இருளப்பண்ணே, அடி கருகுது" என்றார். அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் தும்மினார். இருளப்பன் திரும்பிப் பார்த்தபோது தரையில் அவர் உடுத்திருந்த சாரம் கிடந்தது, தொப்பி கிடந்தது, பலகை சுவரில் சாய்ந்து நின்றது. நடுவில் ஒரு சுளகு அளவுக்கு நயமான கரும்பொடி.

சூடு தாங்காமல் பீலிக்குக் குளிக்கப் போயிருப்பார் என்று இருளப்பன் முடிவு செய்தார். மாவில் கரி விழுந்தால் முதலாளி ஏசுவார். ஆகவே ஈர்க்குமாற்றை எடுத்து, மூலை முடுக்கு விடாமல் கூட்டி, பின்கதவால் வெளியே தள்ளினார். வேலையைச் சுத்தமாகச் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே போன பொடி கீழே விழவில்லை. மழைக்கம்பிகளுக்கு நடுவே ஒன்றும் நனையாமல் மெல்ல எழுந்து, கொஞ்ச நேரம் கூரை மட்டத்தில் யோசித்துக்கொண்டு நின்று, பிறகு ஒரு பங்கு பஜார்ப் பக்கமும் ஒரு பங்கு லயத்துப் பக்கமும் மிச்சம் பெல்மதுளை ரோட்டோடும் இறங்கிப் போயிற்று.

முதலாளியின் மனைவி ரஹ்மா வீட்டுப் பக்கக் கதவைத் திறந்து, அவர் எங்கே என்று கேட்டாள்.

"குளிக்கப் போயிருப்பாரு உம்மா."

"சாரத்தப் போட்டுட்டா?"

இருளப்பன் சாரத்தைப் பார்த்தார். "வேற சாரம் இல்லையாக்கும்" என்றார்.

ரஹ்மா தொப்பியை எடுத்து உள்ளங்கையில் தட்டினாள். துளியளவு பொடி விழுந்தது. முகர்ந்து பார்த்தாள். புளித்த மாவும் அத்தரும் கலந்த வாசம். அழவில்லை. தொப்பியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெந்திருந்த ஈட்டிலிருந்து ஒரே ஒரு பாணை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செய்தி கேட்டுப் பெல்மதுளையிலிருந்து ரஹ்மாவின் தமையன் அப்துல் ரஸாக் வந்தார். சந்தியில் பிடவைக் கடை வைத்திருந்தவர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவிழ்ந்து கிடக்கும் எதையும் மடித்து அலுமாரியில் வைத்துவிட வேண்டும் அவருக்கு. பள்ளிவாசலில் முக்தார் லெப்பையின் முன்னால் கூடினார்கள். லெப்பை நியாயமானவர். மய்யித்து என்று ஓர் உடம்பு இல்லாமல் யாரைக் குளிப்பாட்டுவது, யாருக்குக் கபன் துணி போடுவது என்று கேட்டார். மௌத்தானார் என்று சொல்ல, கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்றார். அங்கே இருந்த ஒரே ஆள் இருளப்பன். கூப்பிட்டார்கள்.

"பொடியாப் போனத உங்கட கண்ணால பாத்தீங்களா?"

"நான் எங்கங்க பாத்தேன். எனக்கு முதுகுப் பக்கம்."

"அப்ப அந்தப் பொடி?"

"கரிங்க. போறணையில கரி இல்லாம கற்கண்டா இருக்கும்? கூட்டித் தள்ளிட்டேன்."

"அப்ப கபூர் எங்க?"

"எங்கயாச்சும் மாணிக்கக் குழிக்குப் போயிருப்பாரு. ஆசை யாரை விட்டுச்சு. வருவாரு."

இந்த ஒரு சாட்சியால் ரஹ்மா விதவையும் ஆகவில்லை, மனைவியாகவும் நிற்கவில்லை. லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ரஸாக் தங்கையிடம் வந்து, தனிப் பெண்ணை இந்த வீட்டில் விட்டுவைக்க முடியாது, புறப்படு, போறணையை உடைத்துச் செங்கல்லை விற்றுவிடுவோம் என்றார். அந்தச் செங்கல்லை அவளும் கபூருமாகக் குருவிட்ட ஆற்றங்கரைச் சூளையிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்து, கலியாணமான முதல் வருஷம் தங்கள் கையாலேயே அடுக்கியிருந்தார்கள். வரமாட்டேன் என்றாள். நெடுநேரம் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ரஸாக் ஒரு சொல் சொன்னார்.

"மாசி வெயில் முடியுமட்டும் பொறுக்கிறன். அதுக்குள்ள உன்ட மாப்பிள்ளை வரட்டும். இல்லாட்டி அவர்ட பேர் சொல்ல ஒண்ணாவது இந்த வீட்ல இரிக்கட்டும். ரெண்டும் இல்லாட்டி, போறணைய இடிக்க அலவாங்கோட வாறன்."

பிள்ளையில்லாதவளிடம் இப்படிச் சொன்னது கொஞ்சம் குத்தல்தான். அவருக்கும் சொன்ன பிறகு அது உறைத்தது. ரஹ்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெள்ளைச் சேலை உடுத்து, போறணையை ஒட்டிய அறைக்கு ஒரு திரை கட்டி, உள்ளே இருந்துவிட்டாள். புருஷன் செத்தவள் இருக்கும் இத்தாவா என்று பெண்கள் கேட்டார்கள். "அவர் மௌத்துண்டா இத்தா. இல்லையெண்டா காத்திருக்கிற. ரெண்டும் ஒரே இருப்புத்தானே" என்றாள். போறணை உடைந்தால் தன் மூலையும் போய்விடும் என்பது இருளப்பனுக்குத் தெரியும். அதற்காக அவர் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. கபூர் வருவார் என்று சொன்னதையும் மாற்றவில்லை.

வந்தார்தான். ஆனால் ஒருவராக வரவில்லை. பொடி விழுந்த இடங்களில் எல்லாம், ஈரப் பாண் இருந்த வீடுகளில், முதலில் பச்சைப் பிள்ளையின் தலைமயிர் மாதிரி வெள்ளை நூல் ஓடியது. நூல் வேர் விட்டு, வேருக்கு மேலே தண்டு விட்டு, தண்டின் நுனியில் கறுப்புக் கொண்டை வைத்தது. அடுத்த நாள் விடிந்து பார்த்தால் அந்தப் பாணின் பக்கத்தில் ஒரு கபூர் முதலாளி குந்திக்கொண்டிருந்தார். மேல் லயத்தில் மருதாயி வீட்டில் ஒருவர். துரை பங்களாக் குசினியில் ஒருவர். தபால் கந்தோர் வாங்குப் பலகையின் அடியில் ஒருவர். பெல்மதுளைச் சந்தியில், அப்துல் ரஸாக்கின் கடைக்கு எதிர்ப்புறமே, தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் எதிரெதிராக இருந்தார்கள். எல்லோரும் அச்சு அசல் அவரேதான்; இடது காதில் இருந்த வெட்டுத் தழும்புகூட மாறவில்லை. எல்லோரும் ஒரே ஒரு பேச்சைத்தான் பேசினார்கள். சிங்களத் தபால்காரர் பழக்கத்தில், "கொஹொமத முதலாளி" என்று சுகம் கேட்டதற்கும், பங்களாச் சமையல்கார அப்பு அடுப்படியை விட்டு விலகச் சொன்னதற்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: நெருப்பக் கொஞ்சம் அடக்குங்க இருளப்பண்ணே, அடி கருகுது. ஒருவர் விட்ட ஒரு தும்மலில் பிறந்தவர்களுக்கு வேறு என்ன தெரியும். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் புருவம் வெளுத்து, நுனி கறுத்து, தும்மி உதிர்ந்தார்கள். அந்தப் பொடி இன்னும் தூரத்துக்குப் போயிற்று. ஆடி முடிவதற்குள் இரத்தினபுரியிலிருந்தும், அங்கிருந்து வெகு தூரத்தில் ருவான்வெல்லை ரப்பர் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து, யாருங்க இந்த இருளப்பன், அவர் எதற்கு நெருப்பை அடக்கவேண்டும் என்று விசாரித்தார்கள்.

பஜாரில் இருளப்பனுக்கு நிம்மதி போயிற்று. அவர் விளக்குமாற்றை வெயிலில் காயவைத்தால்கூட உடனே நாலு பேர் வந்து நின்றார்கள்.

"என்ன இருளப்பன், இண்டைக்கு யாரைக் கூட்டித் தள்ளப் போறீங்க?"

"சில வாயக் கூட்டித் தள்ளணும். அதுக்கு ஏத்த வெளக்குமாறு இன்னும் கெடைக்கல."

மருதாயி தன் வீட்டில் முளைத்த கபூரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டிக்கொண்டு என்பதைவிட, தூக்கிக்கொண்டு என்பதே சரி. கொழுந்துக் கூடையின் பாரம்கூட அவரிடம் இல்லை. "பாவம் மனுசன். சோறு போட்டா திங்க மாட்டேங்குறாரு. பழைய பாணக் குடுத்தா அதுமேல சாஞ்சு கண்ண மூடிக்கிறாரு" என்று ஒப்படைத்தாள். இருளப்பன் ஒரு ஈர்க்குச்சியால் அவர் விலாவில் குத்திப் பார்த்தார். குச்சி பாணில் இறங்குவதுபோல இறங்கியது. "மொதலாளி இல்ல. யாரோ வேசக்காரன்" என்றார். கபூர் அவரைப் பாசமாகப் பார்த்து, நெருப்பை அடக்கச் சொன்னார்.

ரஹ்மா அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். முக்தார் லெப்பைக்கு அது சிக்கலாயிற்று. இவர் அவளுடைய மாப்பிள்ளை என்றால் திரை வேண்டாம், அந்நியர் என்றால் திரை வேண்டும். ஆகவே திரையைப் பாதி மட்டும் விலக்கச் சொன்னார். ரஹ்மா பாதித் திரைக்கு அப்பாலிருந்து, நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டாள். அடி கருகுது என்றார். குருவிட்டயில் செங்கல் ஏற்றிய அன்று வண்டிக்காரனுடன் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா என்றாள். இருளப்பண்ணே என்றார். அவள் கையை நீட்டி அந்தக் காதுத் தழும்பைத் தொட்டாள். கதகதப்பு இருந்தது, ஆனால் அது போறணையின் கதகதப்பு. திரையை இழுத்து மூடிவிட்டு அவள் சொன்னது லெப்பைக்கும் கேட்டது, இருளப்பனுக்கும் கேட்டது.

"இவர் அவர்தான். ஆனா அவர் மட்டும்தான். நான் இல்லாத அவர்."

அதன் பிறகு வந்த கபூர்களை யாரும் விரட்டவில்லை. போறணைக்கே கொண்டுவந்து விட்டார்கள். ரஹ்மா உள்ளே மா குழைத்தாள், அவர்கள் வரிசையாக நின்று பலகையால் பாணைத் தள்ளித் திருப்பினார்கள், இருளப்பன் விறகு போட்டார். சம்பளம் கேட்காத, சாப்பாடு கேட்காத ஆட்கள். தொல்லை என்னவென்றால் எல்லோரும் சேர்ந்து நெருப்பை அடக்கச் சொல்வார்கள். "அடக்கிட்டேன் சாமி, அடக்கிட்டேன்" என்று இருளப்பன் நாள் முழுக்கக் கத்தினார். ஆனாலும் அந்த மழைக்காலத்தில் றக்வானைப் பாணுக்கு அடி கருகவே இல்லை என்பதைப் பஜாரே ஒத்துக்கொண்டது.

புரட்டாசியில் ஒரு நாள் ரஹ்மா ஒரு சுண்டு அளவு மாவைத் தனியாகக் குழைத்து, தனியாகச் சுடச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கபூர் கடைசியாகச் சுட்ட பாணை அவள் அன்றிலிருந்து ஒரு பலகையின் இடது கோடியில் வைத்திருந்தாள். அதன்மேல் வெள்ளையும் கறுப்புமாக ஒரு காடே நின்றது. தன் பாணைப் பலகையின் வலது கோடியில் வைத்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்து, குனிந்து, கூந்தலை மெல்ல உதறினாள். கூந்தலிலிருந்து சாம்பல் நிறத்தில் நயமான பொடி உதிர்ந்து அந்தப் பாணின்மேல் படிந்தது. ஒரே போறணையின் புகையை இத்தனை வருஷம் குடித்தவள், அவளிடமும் இருந்திருக்கிறது. அவருடையது ஒரு விதம், இவளுடையது வேறு விதம். பார்வைக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது, தமக்குள் மட்டும் தெரியும்.

விறகடுக்குக்கு நேரே அந்த அறையின் ஜன்னல். விறகு எடுக்க வரும்போதெல்லாம் இருளப்பன் பார்த்தார். இரண்டு பாணிலிருந்தும் நூல்கள் பலகையில் இறங்கி, ஒன்றையொன்று நோக்கி, அவசரமே இல்லாமல் நடந்து வந்தன. வழியில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால் அதைச் சுற்றிக்கொண்டு வந்தன. மழை பெருத்த நாளில் கொஞ்சம் வேகம், வெயில் எட்டிப் பார்த்த நாளில் களைத்துப் படுத்துவிடும். வெளியே கபூர்கள் நெருப்பை அடக்கச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே அந்த நூல்கள் ஒரு சத்தமும் இல்லாமல் வந்தன. ரஹ்மா பக்கத்தில் பாயில் இருந்து, கன்னத்தில் கைவைத்து, கடற்கரையில் கப்பல் பார்ப்பவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செலந்தி கட்டியிருக்கு உம்மா. தொடச்சு விடவா?"

"விளக்குமாற அங்கேயே வைங்க இருளப்பண்ணே."

நூலும் நூலும் நடுப்பலகையில் சந்தித்தன. தொட்ட இடம் இரண்டு பக்கமும் வீங்கியது. நடுவிலிருந்த தோல் கரைந்து, அவர் எது அவள் எது என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகி, ஒரு மணி உருண்டது. முதலில் மிளகளவு, பிறகு நாவல் பழ அளவு. தோல் தடித்து, கறுத்து, பலாத் தோலைப்போல முள்ளோடியது. மாணிக்க வியாபாரி ஒருவர் கேள்விப்பட்டு வந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பல்லால் கடித்துப் பார்த்து, இது கல்லும் இல்லை கொட்டையும் இல்லை, உள்ளே ஏதோ தூங்குகிறது, நான் இதற்கு விலை சொல்லமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தார். ரஹ்மா அதைக் கபூரின் தொப்பிக்குள் வைத்து, தொப்பியைப் பலகையில் வைத்தாள்.

தை பிறந்ததும் மழை நின்றது. அந்த வருஷம் வெயில் கடுமை, பீலியில் தண்ணீர் நூலாக வந்தது. ஈரமில்லாமல் கபூர்கள் முளைக்கவில்லை. இருந்தவர்களும் ஒவ்வொருவராகச் சுருங்கி, தும்மக்கூடத் தெம்பில்லாமல் காய்ந்து, காற்றில் போனார்கள். பலகையிலிருந்த இரண்டு பாணும் நூல்களும் தவிடாயின. தொப்பியிலிருந்த மணி மட்டும் அப்படியே இருந்தது. இருளப்பன் தனியாக விறகும் போட்டு, தனியாகப் பாணும் தள்ளினார். சொல்ல ஆளில்லாததால் முதல் சில நாள் எல்லா ஈடும் கருகியது. பிறகு அவர், ஒருவரும் சொல்லாமலே, தும்மல் விழுந்த அந்த இடத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு நெருப்பை அடக்கப் பழகிக்கொண்டார்.

மாசி முடிந்து பங்குனியும் பிறந்துவிட்டது. அப்துல் ரஸாக் சொன்ன சொல் தவறாமல் அலவாங்குடன் இரண்டு ஆட்களையும் ஒரு மாட்டு வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் கூரைத் தகரத்தில் இரண்டைக் கழற்றினார்கள். அது ரஹ்மாவின் அறைக்கு மேலிருந்த தகரம். பிறகு போறணையின் முதல் செங்கல்லை நெம்பி எடுத்தார்கள். அந்தத் துளையால் இத்தனை வருஷச் சூடும் பெருமூச்சு விட்டதுபோல வெளியே வந்தது. இருளப்பன் கையில் ஒரு கட்டையோடு நின்றார்.

"நான் எங்கங்க படுக்குறது?"

"பெல்மதுளைக்கு வாங்க. கடை வாசல்ல படுங்க, உங்கள நான் விட மாட்டன்."

"அங்க செவரு சுடுமா?"

அந்த நேரம் இடி இடித்தது. யாரும் எதிர்பார்க்காத கோடை மழை, கல் கொட்டியதுபோல இறங்கியது. இருளப்பன் விறகு நனைந்துவிடுமே என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே ஓடி, அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைகளை இழுத்து உள்ளே எறிந்தார். கழற்றிய தகரத்தின் வழியாக மழை நேரே தொப்பிக்குள் விழுந்தது. கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு குழந்தையின் அழுகை.

"நானா, உள்ள வாங்க" என்று தமையனைக் கூப்பிட்டாள் ரஹ்மா.

ரஸாக் உள்ளே போனார். தொப்பிக்குள் அடங்காமல் ஒரு பெண் குழந்தை, நனைந்து, உடம்பெல்லாம் வெள்ளைப் பூமயிரோடு, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. நெற்றி ரஹ்மாவின் நெற்றி. இடது காதில் ஒரு வெட்டுத் தழும்பு. ரஸாக் அதைத் தூக்கினார். பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கிய பழக்கத்தில் அவர் வாய் தானாக அதன் வலது காதுக்குப் போயிற்று. மெல்லிய குரலில், பிறந்த பிள்ளைக்குச் சொல்லும் பாங்கைச் சொன்னார், முழுவதும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று யோசித்தார். பாங்கு சொன்ன வாயால் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வது. வெளியே வந்து, மழையில் நின்ற ஆட்களைப் பார்த்து, "செங்கல்ல எடுத்த இடத்தில வைங்க" என்றார். தகரத்தைத் தானே ஏறிப் பூட்டினார்.

முக்தார் லெப்பை வந்து பிள்ளையைப் பார்த்தார். ஊர்ப் பெண்கள் வைகாசியிலிருந்து விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, காலம் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்கள். லெப்பை முறைக்காக இருளப்பனைக் கூப்பிட்டு, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நான் வெறகு இழுத்துக்கிட்டிருந்தேன். முதுகுப் பக்கம்."

"இந்த முறையுமா?"

"என்னங்க செய்றது. எனக்குக் கண்ணு முன்னாலதானே இருக்கு."

"அப்ப பிள்ளை எப்படி வந்த?"

"லயத்துப் பக்கம் எவளோ பெத்து, மழையில கொண்டாந்து வச்சிட்டுப் போயிருப்பா. தகரம்தான் தொறந்து கெடந்துச்சே."

அதற்குப் பிறகு அவர் மேல் லயம், கீழ் லயம் என்று ஏறி இறங்கி, எந்தக் காம்பராவில் யார் முழுகாமல் இருந்தாள் என்று விசாரித்துக்கொண்டு திரிந்ததும், மருதாயி துடைப்பக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வயசான காலத்துல இது என்னா வேல, போய் கரிய கூட்டுய்யா" என்று விரட்டியதும் உண்டு. ஒருத்தியும் அகப்படவில்லை. அகப்படாதது அவர் கருத்தை மாற்றவில்லை.

பிள்ளைக்கு மர்லியா என்று பேர் வைத்தார்கள். கபூர் முதலாளி மௌத்தா இல்லையா என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை; பிள்ளை இருக்கிற வீடு, அவ்வளவுதான். மர்லியா மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்ந்தாள். மழைக்காலத்தில் புருவம் கொஞ்சம் வெளுக்கும், தாய் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். வெயில் காலத்தில் நாள் கணக்காகத் தூங்குவாள். பள்ளியில் அவள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரம் கெட்ட நேரத்தில் பசித்தது. றக்வானைக்கு பஸ் வந்தது, மா விலை இறங்கி மறுபடி ஏறியது, இருளப்பனின் மற்ற முழங்காலும் மடங்க மறுத்தது. வருஷா வருஷம் வைகாசியில் பஜாரில் நாலைந்து கபூர்கள் முளைத்தார்கள். அவர்களைக் கண்டால் பஸ்காரர் ஹோன் அடித்து ஒதுங்கச் சொல்வார், பெண்கள் பழைய பாண் வைப்பார்கள். இருளப்பன் மட்டும் வேஷக்காரப் பயல்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முப்பதாம் ஆண்டு வைகாசியில், பின்னேர ஈடு வேகும் நேரம், இருளப்பன் அடுப்பு வாய்க்கு முன்னால் குந்தி, முதுகைக் காட்டிக்கொண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். திரையெல்லாம் எப்போதோ போய்விட்டது. ரஹ்மா பக்கத்தில் மாப்பலகையில் நின்றாள். பள்ளிவிட்டு வந்த மர்லியா நீளப் பலகையை எடுத்துப் பாணைத் திருப்பினாள். இருளப்பனை எப்போதும் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவள் குரலில் ஒரு கனம் இருந்தது.

"நெருப்பக் கொஞ்சம் அடக்குங்க இருளப்பண்ணே, அடி கருகுது. ரஹ்மாக்குப் புகை ஒத்துக்கொள்ளாது."

அத்தனை கபூர்கள் வந்துபோயிருந்தார்கள். ஒருவரும் இந்த மிச்சத்தைச் சொன்னதில்லை. ரஹ்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. பிறகு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான், உண்மையாகவே அவளுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. மர்லியா ஒரு தும்மல் தும்மினாள். ஒன்றும் ஆகவில்லை, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, உம்மா பசிக்கிது என்று வீட்டுக்குள் ஓடினாள். அவள் நின்ற இடத்தில் தரையில் ஒரு சிட்டிகை கரும்பொடி கிடந்தது.

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார் இருளப்பன், அடுப்பைப் பார்த்து.

நெருப்பை அடக்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பழக்கத்தில் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்தார். பொடிக்கு முன்னால் வந்து நின்றார். வெளியே மழை, பின்கதவு திறந்து கிடந்தது. விளக்குமாற்றின் நுனி தரையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. ரஹ்மா மாவைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்தாள். நின்றார், நின்றார். பிறகு போய்ப் பின்கதவைச் சாத்தினார். விளக்குமாற்றைத் தலைகீழாக மூலையில் சாத்தினார்.

"கரிதான்" என்றார். பொடியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, முழங்காலைத் திட்டியபடி விறகெடுக்கப் போனார்.